மருதப்பன் கழுவிய அண்டா

பெனிட்டா ஜெபம் பண்ண எழுந்தால் மின்விசிறிச் சத்தம்கூட அடங்கிவிடும் என்று சங்கரன்கோவில் சபையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே பெனிட்டாதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. பொறாமைக்காரர்கள் எங்கேதான் இல்லை? அவள் குரலெடுத்து, "அன்பும் இரக்கமும் உள்ள ஆண்டவரே" என்று ஆரம்பித்தால் முன்வரிசையில் நாலு பேராவது கைக்குட்டையைத் தேடுவார்கள் என்பது மட்டும் நிஜம். அது அவளுக்கும் தெரியும். கண்ணை மூடித்தான் ஜெபிப்பாள், ஆனால் யார் மூக்கை உறிஞ்சுகிறார்கள் என்று காதால் கணக்கு எடுத்துக்கொள்வாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவளுக்கு ஒரு ரெடிமேட் கடை. புருஷன் எபினேசருக்கு மைக்செட், லைட் வேலை. கோவில் கொடையோ, கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, சுற்றுவட்டாரத்தில் எங்கே பாட்டுக் கேட்டாலும் அது எபினேசருடைய பெட்டியாகத்தான் இருக்கும். பெனிட்டா பெண்கள் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாகச் செயலாளர். போட்டியே இல்லாமல் ஒன்பது வருஷம். அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் அவள் சொல்லுவாள்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவளுடைய பெருமைக்கு உச்சம். அதுதான் அசனம். சபையார் கூடி உலை வைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் ஒரே பந்தியில் கறிச்சோறு போடும் நாள். எந்தத் தெரு, எந்த மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இலை போட்டால் உட்கார வேண்டியதுதான். ஆடு வாங்குவதும் கறி வெட்டுவதும் கிண்டுவதும் ஆண்கள் வேலை. குழம்புக்கான தேங்காய் அரைப்பு மட்டும் பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. விடிகாலை நாலு மணிக்கு உட்கார்ந்து அரைத்து, வாளி வாளியாகத் தூக்கிக்கொண்டு வரிசையாக வருவார்கள். அடுப்படியில் நிற்கிற ஆண்கள் அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். முன்னால் வருகிறவள் பெனிட்டா. அந்த இருபதடி நடைக்காகவே அவள் ஒரு வருஷம் காத்திருப்பாள் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த வருஷம் அசனத்துக்கு முந்தின வாரம் ஐயர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். இந்தப் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வது.

"அண்டா கழுவ ஒருத்தர் வாராருல்லா, மருதப்பன்னு? மூணு அசனமாப் பாக்குதேன். நம்ம ஆளும் இல்ல, யாரும் கூப்பிடவும் இல்ல. மொத நாளே வந்து கழுவி வைக்காரு. பந்தி முடிஞ்சதும் அத்தன அண்டாவையும் ஒத்தையில தேய்ச்சுக் கவுத்திட்டு, ஒரு வாய் திங்காமப் போயிருதாரு. இந்த வருசம் அவருக்கு ஒரு பொன்னாடை போத்தணும். நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா."

பெனிட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊழியம் என்றால் என்ன என்று ஊருக்கே சொல்ல இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? போன லெந்து நாட்களின், அதாவது ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களின், கூட்டத்திலேயே அவள் இந்த மனுஷனை ஒரு உதாரணமாகச் சொல்லியிருக்கிறாள். "நம் அன்பைக் கண்டு வெளியார் ஒருவர் ஓடி வந்து சேவை செய்கிறார்" என்று அவள் சொன்னபோது கை தட்டினார்கள். பேச்சு சுவையாக இருக்க வேண்டுமென்றால் ஆளைப் பற்றி நாலு விவரம் வேண்டுமே என்று, சனிக்கிழமை மத்தியானம் அவரைத் தேடிப் போனாள்.

ஆலயத்துப் பின்பக்கம் குழாயடியில் மருதப்பன் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, வாடகைக்கு வந்திறங்கிய அண்டா ஒன்றுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஒங்களுக்குப் பொன்னாடை போத்தப் போறோம்."

அவர் தலையை வெளியே எடுத்தார். "எனக்கா? அதெல்லாம் வேண்டாம்மா."

"ஒங்களப் போல ஊழியம் செய்ய எங்க ஆளுகளே கெடையாது. எதுக்காக இப்படி வந்து செய்யுதீய? சொல்லுங்க, நாளைக்கு மைக்ல சொல்லணும்."

"மைக்ல சொல்லுத காரியமா அது?" மருதப்பன் நாரைத் தண்ணீரில் அலசினார். வெகுநேரம் அலசினார். "அந்த வருசம் அசனத்துக்குப் பன்னெண்டு கெடா குடுத்தவன் நான்தாம்மா. குருவிகுளத்துக்கு அங்கிட்டு எங்க ஊரு. ஒங்க ஆளு ஒருத்தரு காட்டுக்கே வந்து வண்டியில ஏத்திட்டுப் போனாரு. அவரு இப்பக் கோயம்புத்தூருல மவன் வீட்ல இருக்காராமே. வேற யாருக்கும் எம்மூஞ்சி தெரியாது."

எந்த வருஷம் என்று பெனிட்டா கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

"ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்துத்தான் ஏத்துனேன். ஒண்ணுக்கும் மூக்கு ஒழுகல, கழிச்சல் கெடையாது. ஆனா சோறு கெட்டுப்போச்சே. சின்னப் புள்ளைக வாந்தி எடுத்துச்சாம். ஜனம் பாதி எலையில எந்திரிச்சுப் போச்சாம். சீக்கு ஆட்டுக்காரன்னு எனக்குப் பேரு விழுந்துபோச்சு. அதுக்குப் பொறவு ஒரு கறிக்கடைக்காரன் எங்கிட்ட ஆடு எடுக்கல. மந்தையக் குடுத்துட்டுத் தறிக்குப் போறேன். அது போவட்டும். சாமி சோத்தக் கெடுத்த பாவம் சும்மா விடுமா? அதான் வாரேன். எந்த அண்டாவுல எம்பாவம் வெந்துச்சோ அந்த அண்டாவக் கழுவுதேன்."

"சாப்பிடாமப் போறீயளே?"

"அந்தச் சோத்துல ஒக்கார எனக்கு ஏதும்மா யோக்கியதை?"

அவர் மறுபடியும் அண்டாவுக்குள் குனிந்துகொண்டார். பெனிட்டா அங்கே நிற்க முடியாமல் நடந்தாள். காம்பவுண்டைத் தாண்டியதும் செருப்பு ஞாபகம் வந்தது. குழாயடி ஓரத்தில் கழற்றி விட்டிருந்தாள். திரும்பிப் போய் எடுக்கத் தைரியமில்லாமல் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள்.

நடந்தது இதுதான். கொரோனாவால் இரண்டு வருஷம் நின்றுபோய், பிறகு நடந்த முதல் அசனம் அது. பேராயர் வருகிறார் என்று ஊரே தடபுடல் பட்டது. பெனிட்டா சங்கத்துப் பெண்கள் நாற்பது பேருக்கும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கொடுத்திருந்தாள், தன் கடையிலிருந்தே. காலை ஏழு மணிக்குப் பேராயரோடு ஒரு போட்டோ. நாலு மணிக்கு எழுந்து மஞ்சளும் மிளகாயும் அரைத்த கையோடு போட்டோவுக்கு நிற்க முடியுமா? ஆகவே முந்தின நாள் சாயங்காலமே அரைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகளில் வைத்துவிடலாம் என்றாள். அவள் சொன்னால் சங்கத்தில் மறுபேச்சு ஏது?

காலையில் வாளியைத் திறந்தபோது அவளுக்கு அடுத்தபடி சங்கத்தில் எல்லாமாக இருக்கிற ராஜகுமாரிதான் மூக்கைச் சுளித்தாள். "பெனிட்டாக்கா, புளிச்ச வாடை வருதே." பெனிட்டாவுக்கும் வந்தது. தேங்காய் கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் வெளியே போட்டோக்காரர் ஆட்களை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். "கொதிச்சா எல்லாம் சரியாப் போயிரும்டி" என்று அவள் சொல்ல, நாற்பது பேரும் ஒரே நிறச் சேலையில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போட்டோ நன்றாகவே வந்தது.

முதல் பந்தி எப்படியோ தப்பித்தது. இரண்டாம் பந்தியில் குழம்பு நுரைத்துவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்தவர்கள் நடுவே யாரோ ஒருவர், "ஆடு சீக்கு ஆடா இருக்குமோ?" என்று கேட்டார். கேட்டது பெனிட்டாவிடம்தான். அரைப்பு பொறுப்பாளர் அவள்தானே. அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "இருக்கும்." அந்த ஒரு வார்த்தை சாயங்காலத்துக்குள் குருவிகுளம் வரை போய்விட்டது.

அவள் வருத்தப்படாமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த லெந்தில் உபவாச ஜெபத்தில் எழுந்து, "ஒரு காரியத்தில் உண்மையைச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிட்டேன், ஆண்டவர் என்னை மன்னித்தார்" என்று சாட்சி சொல்லிக் கதறி அழுதாள். கூடி நின்று அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். என்ன காரியம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சாட்சியில் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினாள். மனந்திரும்புதல் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். இந்தத் தப்பைச் சபைக்காரர்கள் எல்லாருமே செய்கிறோம். வாசல் தட்ட வேண்டிய வீட்டை விட்டுவிட்டு ஆண்டவர் காதிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறோம்.

மருதப்பனைப் பார்த்துவிட்டு வந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் காப்பிகூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் எபினேசரிடம் சொன்னாள். மனுஷன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். அரைப்பு சமாச்சாரம் அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"சரி, தப்புதான்" என்றார் கடைசியில். "நாளைக்குக் காலையில அவரத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிரு. முடிஞ்சுது. மைக் எதுக்கு?"

"சீக்கு ஆடுன்னு ஊருக்கு முன்னாலதான சொன்னேன்? இப்பக் காதுக்குள்ள போய் இல்லன்னு சொன்னா அந்தப் பேரு போயிருமா?"

"ஒம் பேரு என்னட்டி ஆவும்? ஒம்பது வருசம்!"

பெனிட்டாவுக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம், வேறு ஒன்றுமில்லை. இனி அவள் ஜெபிக்க எழுந்தால் யார் கண்ணை மூடுவார்கள்? கடைக்கு நைட்டி எடுக்க வருகிற பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்கள்? இதையெல்லாம் நினைக்கிற தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ராஜகுமாரிக்குப் போன் போட்டு, நாளைக்கு மைக்கில் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

"சொல்லுங்க அக்கா. சொல்ல வேண்டியதுதான். ஆனா எம்பேரச் சொல்லிராதீங்க" என்றாள் ராஜகுமாரி.

மறுநாள் ஆராதனை முடிந்து, பந்தலில் ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கறி வாசம் மூக்கைத் துளைத்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு அரைப்பு காலை நாலு மணிக்குத்தான். அன்றும் வாளிகளோடு பெனிட்டாதான் முன்னால் நடந்து வந்தாள், ஆனால் வழிவிட்டு நின்ற ஒருவர் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை. ஐயர் ஜெபித்து முடித்து, "மருதப்பன் அண்ணாச்சி முன்னால வாங்க" என்றார். இரண்டு பேர் அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவர் தரையைப் பார்த்து நின்றார்.

பெனிட்டா பொன்னாடையோடு மைக்கைப் பிடித்தாள்.

"அன்பான சபையாரே, நாம் யாவரும் குறைவுள்ளவர்கள். அறிந்தும் அறியாமலும் நாம் செய்த பிழைகளை நம் ஆண்டவர்..."

"ஆமென்" என்று முன்வரிசை முனகியது. இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். பெனிட்டாவுக்குத் தன் குரல் காதில் விழுந்தது. தேன் போல ஓடிக்கொண்டிருந்தது அந்தக் குரல். இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டால் அழவைத்து, தானும் அழுது, ஒன்றும் சொல்லாமலே இறங்கிவிடலாம். முன்பு உபவாச ஜெபத்தில் சாட்சி சொன்னபோது செய்தது அதைத்தான். அவள் நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். அடுத்து வந்தது ஜெபக் குரல் இல்லை, கடையில் பேசுகிற குரல்.

"அந்த வருசம் அசனத்துல கொழம்பு கெட்டுப்போச்சுல்லா. அது ஆட்டால கெடல. அரைப்பு கெட்டுப்போயிருந்துச்சு. போட்டோ எடுக்கணும்னு மொத நாளே அரைக்கச் சொன்னது நான். காலையில வாடை வந்துச்சு. தெரிஞ்சேதான் ஊத்தச் சொன்னேன். ஆடு சீக்கான்னு கேட்டப்ப, இருக்கும்னு சொன்னதும் நான்தான். பொய்யின்னு தெரிஞ்சே சொன்னேன்."

ஆமென் சொல்ல ஒருவரும் இல்லை. மின்விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து, "போதும்மா, ஒக்காருங்க, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்று கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை என்றதும் பந்தல் ஓரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற எபினேசரைப் பார்த்து, மைக்கை அணைக்கும்படி சைகை செய்தார். எபினேசர் அவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். அந்தத் தெரு முனையில் டீக்கடையில் நின்றவர்களுக்குக்கூட மிச்சம் கேட்டது.

"சீக்கு ஆட்டுக்காரன்னு ஊரு சொன்ன ஆளு இந்தா நிக்காரு. அவரு பண்ணாத பாவத்துக்கு மூணு வருசமா நம்ம அண்டாவக் கழுவுதாரு. அதப் போன லெந்துல நம்ம பெருமையின்னு நான் பேசி, நீங்க கை தட்டுனீய. அண்ணாச்சி, அது ஒங்க பாவம் இல்ல. என்னது."

அதுவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மருதப்பன் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் கோபமா, அழுகையா என்று பெனிட்டாவுக்குப் பிடிபடவில்லை. பொன்னாடையை விரித்துப் போர்த்தவும் கை வரவில்லை, மடக்கி வைக்கவும் மனம் வரவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப என் கெடா?" என்றார் அவர்.

"நல்ல கெடா, அண்ணாச்சி."

"பன்னெண்டுமா?"

"பன்னெண்டும்."

"அத மைக்ல சொல்லுங்கம்மா."

பெனிட்டா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "மருதப்பன் அண்ணாச்சி குடுத்த பன்னெண்டு கெடாவும் நல்ல கெடா. ஒண்ணுகூடச் சீக்கு கெடையாது." குரல் உடைந்துவிட்டது. ஆனால் சொல் உடையவில்லை.

ஐயர் இடையில் வந்து ஜெபம் ஒன்றும் பண்ணவில்லை. அந்த ஒரு புத்திசாலித்தனத்துக்காகவே அவரைப் பாராட்டலாம். "எலை போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பெனிட்டா பொன்னாடையை ஐயர் கையில் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். சங்கத்துப் பெண்கள் சிலர் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, "எங்களயும் சேத்துக் கெடுத்துட்டீயளே" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சரிதான் என்று பெனிட்டா வாங்கிக்கொண்டாள். அப்போது ராஜகுமாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மைக்கைப் பிடித்து, "வாடை வந்துச்சுன்னு எனக்கும் தெரியும், நானும் வாயத் தொறக்கல" என்று மளமளவென்று சொல்லிவிட்டு, யாரோ துரத்துகிற மாதிரி இறங்கி ஓடினாள்.

மருதப்பன் குழாயடிக்குப் போனார். அண்டா கழுவத்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் கையை முழங்கை வரைக்கும் கழுவினார், முகம் கழுவினார், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். முதல் பந்தியில், முதல் வரிசையில், நடுவில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமிட்டிக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

பெனிட்டா கறி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வரிசைக்குப் பரிமாற வேறு யாரையும் அவள் விடவில்லை. அவர் இலைக்கு முன்னால் வந்ததும் குனிந்து மெல்லக் கேட்டாள். "என்னைய மன்னிப்பீயளா அண்ணாச்சி?"

மருதப்பன் யோசித்தார். ஒப்புக்குச் சொல்லிவிடுகிற ஆளாக அவர் இல்லை.

"அதுக்கு நாளாவும்மா" என்றார். "மூணு வருசம்லா. மந்தை போச்சுல்லா. இப்பப் பசிக்கி. கறி போடுங்க."

அவள் போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, ஆனாலும் அதைத் துடைக்க அவள் நிற்கவில்லை. செயலாளர் பதவி இன்றோடு சரி என்று அவளுக்குத் தெரியும். அது போகட்டும். தன் ஜெபத்துக்கு அழுதவர்களை எண்ணி எண்ணிச் சேர்த்த பெருமை எதுவும் இந்த ஒரு இலைக்கு முன்னால் நிற்காது என்று அவளுக்குத் தோன்றியது. இந்த இலையில் கறி போட்ட பெருமையை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. அதனால்தானோ என்னவோ நெஞ்சு முழுக்க நிறைந்திருந்தது.

மருதப்பன் சோற்றில் கை வைக்கப் போனவர், நிறுத்தினார். இடது கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுத்தது அவர் மனைவி கோமதித்தாய். பந்தி முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அவர் சத்தம் போட்டார்.

"ஏட்டி கோமதி! நீ சொன்னதுதாம்ட்டி நெசம். நம்ம ஆடு நல்ல ஆடுதான். மைக்ல சொல்லிட்டாவ. ஊருக்கே கேட்டுச்சு. ஆமா, நான் இங்கன பந்தியில ஒக்காந்திருக்கேன். சாப்பிடப் போறேன்."